ஃபேன் லைட் எரியலன்னா கெபாசிட்டர் காரணமில்ல
மேல ஒருத்தர், லைட்டோட சேர்ந்து வர்ற சீலிங் ஃபேன்ல ஃபேன் ஓடுது, லைட் மட்டும் எரியலன்னா கெபாசிட்டர் போயிருச்சு, மாத்துனா சரியாயிடும்னு போட்டிருக்காரு, நிறைய பேர் அதையே ஷேரும் பண்றாங்க. தப்பா நினைக்காதீங்க, அது சரியில்லங்க. அமெரிக்க வீடுகள்ல இருக்கற பழைய ரெண்டு செயின் மாடல்ல (ஃபேனுக்கு ஒண்ணு, லைட்டுக்கு ஒண்ணுன்னு இழுக்கற செயின் தொங்கும்) கெபாசிட்டர் மோட்டாருக்கு மட்டும்தான், லைட்டுக்கு வயர் தனி. பெரும்பாலும் கருப்பு மோட்டாருக்கு, நீலம் லைட்டுக்கு, வெள்ளை ரெண்டுக்கும் பொது நியூட்ரல் (சிலதுல கலர் மாறும்). ஃபேன் எல்லா ஸ்பீடுலயும் ஒழுங்கா சுத்துதுன்னா கெபாசிட்டர் நல்லாத்தான் இருக்கு.

நீங்களே பாத்துக்கலாம். முதல்ல வேற இடத்துல எரியற பல்பை இதுல போட்டுப் பாருங்க. அப்பவும் எரியலன்னா பிரேக்கரை ஆஃப் பண்ணி, டெஸ்டர் வச்சு கரண்ட் இல்லன்னு உறுதி பண்ணிட்டு, லைட் கவரைக் கழட்டி செயின் சுவிட்சோட ரெண்டு வயரையும் பிரிச்சு மல்டிமீட்டரை கன்டினியூட்டில (இணைப்பு இருந்தா பீப் அடிக்கற செட்டிங்) வச்சுப் பாருங்க, ஒரு தடவை இழுத்தா பீப் வரணும், மறுபடி இழுத்தா நிக்கணும். எப்படி இழுத்தும் பீப்பே வரலன்னா போனது அந்த சின்ன சுவிட்சுதான், ஹார்டுவேர் கடைல தனியாவே கிடைக்கும். பீப் சரியா வந்தா அடுத்து ஹோல்டர்ல கருகல் இருக்கான்னு பாருங்க.