பத்து நிமிடத்தில் எந்த வெங்காயமய்யா பழுப்பாகிறது?

“அரை மணி நேரத்தில் பிரெஞ்சு வெங்காய சூப், வீட்டிலேயே சுலபமாக!” இப்படித் தலைப்புப் போடுகிறவர்கள் ஒரே ஒரு தடவையாவது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்திருப்பார்களா?

போன சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு நாலு பேர் சாப்பிட வந்திருந்தார்கள். ஒரு கிலோ வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, வெண்ணெயில் 10 நிமிடம் வதக்கினால் அடர்பழுப்பாகிவிடும் என்று செய்முறையில் இருந்தது. நம்பினேன். 10 நிமிடத்தில் வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனது, அவ்வளவுதான். அரை மணியில் லேசான மஞ்சள். பசியோடு உட்கார்ந்திருக்கிறார்களே என்று தீயைக் கூட்டினேன். ஓரமெல்லாம் கருகிக் கசந்துபோனது. ஒரு கிலோ வெங்காயத்தையும் 50 கிராம் வெண்ணெயையும் கொட்டிவிட்டு எல்லோருக்கும் தோசை வார்த்தேன். இன்னும் வயிறு எரிகிறது.

வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது வற்றுகிற வரைக்கும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, நிறமும் ஏறாது. மிதமான தீயில் முக்கால் மணி நேரம், பல சமயம் ஒரு மணி நேரம் ஆகும். அடிபிடிக்கும்போது துளி தண்ணீர் தெளித்துச் சுரண்டிக்கொண்டே கிளற வேண்டும். சட்டி நிறைய இருந்தது கடைசியில் அடியில் கொஞ்சமாகச் சுருண்டு நிற்கும். சூப்பின் இனிப்பும் நிறமும் அதில்தான் இருக்கிறது. தமிழில் எழுதுகிறவர்கள் “பொன்னிறமாக வதக்கவும்” என்று முடித்துவிடுகிறார்கள். பொன்னிறம் குருமாவுக்குப் போதும். இதற்கு வேண்டியது தொக்குப் பதம். அந்த ஒரு வார்த்தையை எழுதியிருந்தால் நம் ஊரில் யாருக்கும் புரிந்திருக்குமே!

இதே கூத்துதான் ரத்தத்தூயி என்கிற பிரெஞ்சுக் காய்கறிக் கூட்டுக்கும். கத்தரிக்காய், குடைமிளகாய், சுக்கினி எல்லாவற்றையும் தனித்தனியாக வதக்கிச் சேர்க்கிற நீஸ் நகரத்துப் பதார்த்தம் 20 நிமிடத்தில் ஆகிவிடுமாம்.

பாரிஸின் லே ஆல் மொத்தச் சந்தை 1969-இல் புறநகரான ருஞ்சிஸுக்கு மாறுகிற வரை, ராத்திரியெல்லாம் மூட்டை தூக்கினவர்கள் அங்கே விடியற்காலையில் குடித்த சூப் இது. வெங்காயம், காய்ந்த ரொட்டி, மேலே உருகின சீஸ். பெரிய கைப்பக்குவம் எதுவும் தேவையில்லை. அந்த வகையில் சுலபம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் சுலபம் வேறு, சீக்கிரம் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பி, வேலை முடிந்து களைத்து வருகிறவர்களின் நேரத்தை ஏன் பாழாக்குகிறீர்கள்?

சீக்கிரமான பிரெஞ்சுச் சமையல் வேண்டுமா, இருக்கிறதே! மூன்று முட்டை, ஒரு துண்டு வெண்ணெய், நல்ல சூடான கல். உள்ளே குழைவாக இருக்கும்போதே சுருட்டி எடுத்தால் இரண்டு நிமிடத்தில் ஆம்லெட். வார நாளுக்கு அதைச் சொல்லிக்கொடுங்கள். வெங்காய சூப்புக்கு முதல் வரியிலேயே “ஒன்றரை மணி நேரம்” என்று போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆற அமர நின்று கிளறிக்கொள்கிறோம்.