லோத்திகா சர்க்காரை 'முதல் பெண்' என்பதோடு நிறுத்தாதீங்க

1951-ல் கேம்பிரிட்ஜில் சட்டத்தில் பிஎச்.டி., அப்புறம் டெல்லிப் பல்கலைக்கழகச் சட்டத்துறையில் முதல் பெண் ஆசிரியர், பேராசிரியர். மகளிர் தினப் பேச்சுன்னா லோத்திகா சர்க்காரைப் பத்தி இவ்வளவுதான் வரும். என்னைக் கேட்டா, தீர்ப்பை எப்படிப் படிக்கணும்னு அவர் காட்டியதுதான் பெரிசு.

கைடுகளில் மதுரா வழக்கு நாலு வரி. மகாராஷ்டிராவில் ஒரு காவல் நிலையத்தில் மதுராங்கிற பழங்குடிச் சிறுமிக்கு நடந்த பாலியல் கொடுமை. உடம்பில் காயமில்லை, எதிர்க்கலைன்னு 1978-ல் உச்ச நீதிமன்றம் போலீஸ்காரர் ரெண்டு பேரையும் விடுவிச்சது. அடுத்த வருசம் செப்டம்பரில் லோத்திகா உட்பட நாலு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினாங்க. பயந்து அடங்கிப் போறது சம்மதம் ஆகாதுங்கிற வாதம் எல்லாருக்கும் தெரியும். அதைவிடக் கூர்மையானது இன்னொண்ணு: ராத்திரியில் அந்தப் பிள்ளையை ஸ்டேஷனுக்கு வரவெச்சதே சட்டமீறல், அதைக் கண்டிச்சு தீர்ப்பில் ஒரு சொல்கூட இல்லையே! பெண்களை ஸ்டேஷனுக்குக் கூப்பிடக் கூடாதுன்னு அதே நீதிமன்றம் அதே 1978-ல் நந்தினி சத்பதி வழக்கில் சொல்லியிருந்தது. தீர்ப்பில் இல்லாததையும் படிக்கிற கண்ணு அது.

கோவை, சேலம், தர்மபுரி சட்டக் கல்லூரிகளில் இதை ஒரு பயிற்சியாவே வைக்கலாம். தீர்ப்பு சில பக்கந்தான். ஒவ்வொரு பத்திக்குப் பக்கத்துலயும் பென்சிலில் குறிங்க: பேசறது யாரு? செஷன்ஸ் கோர்ட்டா, உயர் நீதிமன்றமா, வக்கீலா, உச்ச நீதிமன்றமா? பிள்ளைங்க சறுக்கறது இங்கதான். வக்கீல் வாதத்தைத் தீர்ப்புன்னு எழுதிடறாங்க. ஹெட்நோட்டை, அதாவது தீர்ப்புக்கு மேலே அச்சிடற சுருக்கத்தை, மட்டும் நம்பினா இது கட்டாயம் நடக்கும். அடுத்து, பொருந்துற சட்டப்பிரிவுகளை எடுத்துவெச்சு, தீர்ப்பு எதைத் தொடலைன்னு பாருங்க.

கை பழகினதும் வாச்சாத்திக்கு வாங்க, நம்ம அரூர்ப் பக்கந்தான். அங்கே பழங்குடி மக்கள் மேல வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் 1992-ல் நடத்தின கொடுமைக்கு 2011-ல் தர்மபுரி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது, 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செஞ்சது. ரெண்டு தீர்ப்பிலும் காயம், பயம், சாட்சியம் எப்படி எடைபோடப்பட்டதுன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

மதுரா வழக்குக்கு அப்புறம் 1983-ல் பழைய சாட்சியச் சட்டத்தில் வந்த 114ஏ, அதாவது சம்மதம் இல்லைன்னே கோர்ட் எடுத்துக்கணும்ங்கிற பிரிவு, இப்போ புதிய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 120. எல்லாப் பாலியல் வல்லுறவு வழக்குக்கும் அது பொருந்தும்னு எழுதிடாதீங்க. ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 64(2)-க்கு, அதாவது போலீஸ்காரர், அரசு ஊழியர் செய்யறது மாதிரி அங்கே பட்டியல் போட்ட வகைகளுக்கு மட்டும். அதுவும் உடலுறவு நிரூபணம் ஆகி, தனக்குச் சம்மதமில்லைன்னு அந்தப் பெண் கோர்ட்டில் சொன்னாத்தான்.