மருந்தைக் கூட்டுமுன் வயிற்றைப் பாருங்கள்
பராமரிப்பு இல்லத்தில் இருப்பவர் திடீரென்று தன் தலையில் அடித்துக்கொண்டால், அவருக்குக் கொடுக்கும் மனநல மாத்திரையின் அளவைக் கூட்டச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அது கடைசியில் செய்ய வேண்டியது. வலியைச் சொல்லத் தெரியாதவருக்குப் பல்வலி, காதுவலி, முக்கியமாக மலச்சிக்கல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கடைசியாக எப்போது மலம் போனது, கொட்டை கொட்டையாக இருந்ததா என்பதை ஒவ்வொரு ஷிப்டிலும் எழுதிவைக்க வேண்டும். தானே கழிப்பறைக்குப் போய்வருபவருக்கு யாரும் எழுதுவதில்லை. பெரும்பாலும் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். இறுகிய மலத்தைச் சுற்றி நீராகக் கசிவதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்த மருந்து கொடுத்தால் அடைப்பு இன்னும் மோசமாகும். குளோசபின், ஓலான்சபின் போன்ற மனநல மாத்திரைகளே மலச்சிக்கலை உண்டாக்கக்கூடியவை, அதையா கூட்டுவது? 3 நாள் மலம் போகாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வயிறு உப்பி வாந்தியும் இருந்தால் உடனே மருத்துவமனைதான், காலை வரை காத்திருக்கக் கூடாது.