ஸ்கின் வேணாம்யா, துப்பாக்கி கைக்கு வந்தா போதும்

நான் போனில் ஆடுகிற துப்பாக்கிச் சண்டை கேமுக்கு இன்னொரு அப்டேட் வந்திருக்கிறது. ஒன்றரை ஜிபிக்கு மேல். என் ரீசார்ஜில் ஒரு நாளைக்குக் கிடைப்பதே ஒன்றரை ஜிபிதான். அதை மொத்தமாக வாரிக் கொடுத்து, மிச்சத்துக்குத் தம்பியிடம் ஹாட்ஸ்பாட் கெஞ்சி இறக்கினேன். உள்ளே என்ன இருக்கிறது? ஆடுகிற உருவத்துக்கு மாட்டிவிட பட்டு வேட்டி ஸ்கின், மயில் தோகை ஒட்டிய பாராசூட், மேட்ச் தொடங்கக் காத்திருக்கிற லாபியில் நின்று ஆட ஒரு புது டான்ஸ், தங்கக் கலரில் ஒரு ஜீப். சரி, அந்த கன் பக், துப்பாக்கிக் கோளாறு? அது அப்படியே பத்திரமாக இருக்கிறது.

இந்த கேம் ஆடாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அடிபட்டுக் கீழே விழுகிறோம். கூட ஆடுகிறவன் ஓடிவந்து தூக்கிவிடுகிறான். எழுந்து நின்று துப்பாக்கி பட்டனை அழுத்தினால் துப்பாக்கி கைக்கு வராது. தோட்டா எத்தனை இருக்கிறது என்று திரையில் காட்டும், முதுகில் துப்பாக்கி தொங்கும், கை மட்டும் வெறுங்கை. துப்பாக்கியைக் கீழே போட்டுத் திரும்ப எடுத்தால் சில நேரம் சரியாகும். குனிந்து எழுந்தால் சில நேரம் சரியாகும். அதற்குள் எதிராளி சாவகாசமாக வந்து சுட்டுவிட்டுப் போய்விடுவான். கடைசி வட்டம், எதிரில் ஒரே ஒரு ஸ்குவாட், அதாவது ஒரே ஒரு அணி, நான் முஷ்டியை மடக்கிக்கொண்டு நிற்கிறேன். முத்தியால்பேட்டையிலிருந்து ஆடுகிற மாப்பிள்ளை மைக்கில் கத்துகிறான்: "டேய் சுடுடா, என்னடா பராக்கு பாத்துட்டு நிக்கற?" எதை வைத்துச் சுட?

இது ஒன்றுதான் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாடியில் நடப்பவன் காலடிச் சத்தம் கீழ்த்தளத்திலிருந்து கேட்கிறது. பாதியில் வெளியே தள்ளிவிட்டு, திரும்ப உள்ளே வந்தால் 'மேட்ச் முடிந்தது' என்கிறது. கூட ஆடியவர்கள் ஜெயித்திருப்பார்கள், என் ரேங்க் மட்டும் இறங்கியிருக்கும்.

நெட் பிரச்சினையாக இருக்கும் என்று சொல்ல வருபவர்கள் அங்கேயே நில்லுங்கள். நான் கடலூர்க்காரன். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்து வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர் இது. ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போகும், டவர் போகும், அதற்கெல்லாம் கேம் கம்பெனியைத் திட்டுகிற ஆள் நானில்லை. வானம் வெறித்திருக்கிறது, மஞ்சக்குப்பத்தில் டவர் முழுசாக இருக்கிறது, நெட் தாமதத்தைக் காட்டுகிற பிங் பச்சையில் நிற்கிறது, அப்போதும் துப்பாக்கி முதுகைவிட்டு இறங்க மாட்டேன் என்றால் அதற்கு மழை என்ன பண்ணும்?

பக் வருவதில்கூட எனக்கு ஆத்திரமில்லை. மனுஷன் எழுதுகிற புரோகிராம் கோடில் தப்பு வரத்தான் செய்யும். எந்த பக்கை எப்போது சரிசெய்கிறார்கள் என்பதில்தான் வயிறு எரிகிறது. ஒருமுறை ஏதோ ஒரு ஈவன்டில், ஒரு பெட்டியைத் திறந்து மூடித் திறந்து மூடி எடுத்தால் கேமுக்குள் செலவழிக்கிற காயின் ஓசியில் ஏறிக்கொண்டே இருந்தது. ஊரெல்லாம் அள்ளினார்கள். ராத்திரியோடு ராத்திரியாக சர்வரை நிறுத்தினார்கள். விடிவதற்குள் ஓட்டையை அடைத்தார்கள். அள்ளிய காயினையும் பைசா பாக்கியில்லாமல் பிடுங்கிக்கொண்டார்கள். அடேயப்பா, என்ன வேகம்! எனக்கு நஷ்டம் தருகிற பக் என்றால் மாதக்கணக்கில், சீசன் கணக்கில் காத்திருக்க வேண்டும், கம்பெனிக்கு நஷ்டம் தருகிற பக் என்றால் ஒரே ராத்திரி. ஆக, முடியாமல் இல்லை. செய்ய மனசில்லை.

கேமுக்குள் இருக்கிற கடையைத் திறந்து பாருங்கள். மேட்சுக்குள் ஆயிரம் கோளாறு வரட்டும், கடை மட்டும் ஒருநாளும் தொங்காது. ஜிபே தொட்ட அடுத்த நொடி ஸ்கின் உடம்பில் ஏறிவிடும். ஓடு ஒழுகுகிற வீட்டுக்கு வாசலில் சீரியல் லைட் போடுகிற கதைதான்.

எங்கள் ஸ்குவாடில் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து ஆடுகிற ஒருவன் இருக்கிறான். கம்பெனிக்கு வக்காலத்து வாங்குவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. "வேட்டிக்குக் கரை வரையறவனைக் கூப்ட்டு சர்வர் கோடைத் திருத்தச் சொல்வியா? அவன் வேலை வேற, இவன் வேலை வேற" என்கிறான். நியாயமான கேள்விதான். ஆனால் கரை வரைந்ததோடு வேலை முடிந்துவிடுகிறதா? அந்த வேட்டி ஓடும்போது, படுக்கும்போது, ஜீப்பில் ஏறும்போது உடம்பில் ஒழுங்காக உட்கார வேண்டும். மட்டமான போனிலும் ஓட வேண்டும். அதற்கு புரோகிராமர் வேண்டும், டெஸ்டர் வேண்டும். வேட்டியைச் சோதித்துக்கொண்டிருக்கிற டெஸ்டர் அந்த நேரத்தில் துப்பாக்கியைச் சோதிக்கப் போவதில்லை. புதிதாக ஒன்று உள்ளே வந்தால் ஏற்கெனவே இருக்கிற அத்தனையோடும் அது மோதிப் பார்க்கும். எங்கள் கன் பக்கே, தூக்கிவிடுகிற அனிமேஷனைப் புதிதாக மாற்றிய சீசனோடு வந்ததுதான்.

அப்புறம் இன்னொரு வாதம்: புதிதாக எதுவும் வராவிட்டால் ஆட்டம் செத்துப்போகுமாம். 2017இல் யூபிசாஃப்ட் என்கிற கேம் கம்பெனி என்ன செய்தது என்று பார்க்கலாம். அவர்களுடைய ரெயின்போ சிக்ஸ் சீஜ் ஆட்டத்தில் சர்வர் கோளாறும் பக்கும் மலிந்து கிடந்தன. வர வேண்டிய சீசனையே தள்ளிவைத்து, 'ஆபரேஷன் ஹெல்த்' என்று பெயர் வைத்து, ஏறக்குறைய மூன்று மாதம் ஆட்டத்தைச் சரிசெய்வதிலேயே செலவழித்தார்கள். புது ஆடுகளமாக வருவதாக இருந்த போலந்து மேப்பையே கைவிட்டார்கள். சீசன் பாஸுக்குப் பணம் கட்டியவர்கள் முணுமுணுக்காமல் இல்லை. ஆட்டம் செத்ததா? அதற்கப்புறம் வருஷக்கணக்கில் புதுப்புது சீசன் போட்டு ஓட்டினார்கள்.

ஜிடிஏ ஆன்லைன் என்கிற இன்னொரு கேமின் கதை இதைவிடக் கேவலம். 2013இல் வந்த ஆட்டம். கம்ப்யூட்டரில் உள்ளே நுழையவே நிமிஷக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். வருஷக்கணக்கில் எல்லோரும் புலம்பினார்கள், புது பைக்கும் புது காரும்தான் வந்தன. 2021இல் கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஆள் வீட்டில் உட்கார்ந்து புரோகிராமைப் பிரித்துப் பார்த்தார். 10 எம்பி அளவுள்ள ஒரு பட்டியலை, அதில் சுமார் 63,000 அயிட்டம், மகா மட்டமான முறையில் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு துண்டைப் படிக்கும்போதும் மிச்சமிருக்கிற எழுத்தையெல்லாம் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு! அவர் திருத்தியதும் காத்திருக்கும் நேரம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. அந்த கேம் கம்பெனியான ராக்ஸ்டார் அதை ஒத்துக்கொண்டு அப்டேட்டில் சேர்த்தது, அவருக்கு 10,000 டாலர் பரிசும் கொடுத்தது. அது என்ன பட்டியல் தெரியுமா? கேமுக்குள் விற்கிற சாமான்களின் பட்டியல். கடையில் சரக்கு ஏற ஏற வாசலில் கூட்டம் காத்துக் கிடந்திருக்கிறது.

"ஓசி கேமுக்கு இவ்ளோ பேச்சா?" என்று எங்கள் அண்ணன் கேட்கிறார். ஓசியா? சீசனுக்கு சீசன் பாஸ் வாங்குகிறேன் அண்ணே. சில்வர் பீச்சுக்குப் போனால்கூட மீன் வறுவலை விட்டுவிட்டு சுண்டலோடு வருகிறேன், அந்தக் காசு எங்கே போகிறது என்று நினைத்தீர்கள்?

கம்ப்ளெயின்ட் போட்டாலும் போட்ட மாதிரிதான். துப்பாக்கி கைக்கு வராததை வீடியோ எடுத்து அனுப்பினேன். நொடியில் பதில் வந்தது, மிஷின் பதில்தான்: "கேமை நீக்கிவிட்டு மறுபடியும் இன்ஸ்டால் செய்து பாருங்கள்." மறுபடியும் இன்ஸ்டால் செய்ய எத்தனை ஜிபி என்று அவர்களுக்குத் தெரியாதா? மேட்சின் பதிவான ரிப்ளே பார்த்தாலே சொல்லிவிடலாம், கோளாறு என் போனில் இல்லை என்று. அதைப் பார்க்கத்தான் அங்கே ஆளில்லை.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. ஒரே ஒரு சீசன் கடைக்கு லீவு விடுங்கள். எந்தெந்த பக் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், அதை வெளியில் போடுங்கள், முடித்ததை ஒவ்வொன்றாக அடித்துக் காட்டுங்கள். எங்கள் பக்கம் தப்பில்லாமல் இறங்கிய ரேங்க்கைத் திருப்பிக் கொடுங்கள். வருமானம் போய்விடுமே என்ற பயமா? 'பக் ஃபிக்ஸ் பாஸ்' என்றே ஒன்று விற்றுக்கொள்ளுங்கள். ஸ்கின் வேண்டாம், டான்ஸ் வேண்டாம், உள்ளே ஒன்றுமே வேண்டாம், முதல் ஆளாக நான் வாங்குகிறேன். பணம் கட்டுகிற பட்டன்தான் எப்போதும் ஒழுங்காக வேலை செய்கிறதே.