லண்டன் வரை போன ராமநாதபுரத்து வழக்கு

போன வாரம் அக்கா மகனை ராமநாதபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போனேன். ராமலிங்க விலாசத்துச் சுவர் ஓவியங்களை எல்லாம் பார்த்து முடித்ததும், "இங்கதானே மாமா கட்டபொம்மனை ஜாக்சன் துரை நிக்க வச்சு விசாரிச்சாரு?" என்றான். ஆமாம், 1798 செப்டம்பரில். அந்த விசாரணை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் இதே அரண்மனையிலிருந்து கிளம்பிய இன்னொரு வழக்கு இருக்கிறது. இந்து சட்டம் படிப்பவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். எங்கள் தேவிபட்டினத்தில் யாரைக் கேட்டாலும் தெரியவில்லை. எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ராமநாதபுரம் ஜமீன்தார் ராமசாமி சேதுபதி 1830இல் இறந்தார். ஆண் பிள்ளை இல்லை. பிற்பாடு ஜமீனை நடத்திய அவர் மனைவி ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் (ராமேசுவரத்து அம்மன் பெயர்), 1847இல் முத்துராமலிங்கத்தைத் தத்து எடுத்தார். கணவன் அனுமதி இல்லாமல் விதவை தத்து எடுத்தால் செல்லாது, ராணிக்குப் பிறகு வாரிசு இல்லை, ஆகவே ஜமீன் சர்க்காருக்கே சேரும் என்பது மதுரை கலெக்டர் தரப்பு வாதம். காலத்தைக் கவனியுங்கள். ஜான்சியில் தத்துப்பிள்ளையை ஏற்காமல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி நாட்டையே எடுத்துக்கொண்டது 1854இல். இங்கே ஒரு விதவை ராணி தத்துப்பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் நின்றார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் தாண்டி அன்றைக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது.

1868இல் தீர்ப்பு வந்தது. திராவிட நாட்டில், அதாவது தென்னாட்டில், கணவனின் சபிண்டர்கள் (நெருங்கிய ரத்த உறவினர்கள்) சம்மதித்தால் விதவை தத்து எடுக்கலாம். அதைவிடப் பெரிய விஷயம், வழக்கம் தெளிவாக நிரூபிக்கப்பட்டால் ஏட்டில் எழுதிய சட்டத்தைவிட அதற்கே எடை அதிகம் என்று நீதிபதிகள் சொன்னதுதான். நம் சீமையில் சனங்கள் வாழ்ந்த முறையே சட்டமாக நின்றிருக்கிறது! அதைக் கேட்க ராணி உயிரோடு இல்லை.

அந்தத் தத்துப்பிள்ளையின் மகன்தான் பாஸ்கர சேதுபதி. தீர்ப்பு வந்த அதே 1868இல் பிறந்தவர். 1897இல் பாம்பனில் வந்து இறங்கிய விவேகானந்தரை அவர் வரவேற்றதை நம் ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். வழக்கு தோற்றிருந்தால் அவர் அங்கே சேதுபதியாக நின்றிருப்பாரா? கட்டபொம்மனைச் சொல்லும் வாயால் இந்த ராணியையும் நாம் சொல்ல வேண்டும். முதலில் நம் பள்ளிக்கூடங்களில் சொல்ல வேண்டும்.

சரி, என்னால் ஆனது, தீர்ப்பின் முக்கியமான பகுதியை எளிய தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சபிண்டர் என்பதைப் பங்காளி என்றே எழுதிவிடலாமா? வக்கீல் நண்பர்கள் சொல்லுங்கள்.