கண்ணுக்குத் தெரியும் நிலையத்துக்கு ஏன் போக முடியாது?

விண்வெளிப் படம் ஒன்று வந்துவிட்டால் போதும், வெற்றிடத்தில் வெடிச்சத்தம் கேட்குமா, லேசர் கற்றை பக்கவாட்டில் தெரியுமா என்று அதே இரண்டு கேள்விகளையே விமர்சனங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்காது, தெரியாது. அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இதைவிடப் பெரிய பிழை ஒன்று பெரும்பாலான விண்வெளிப் படங்களில் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். விண்கலத்தின் மூக்கை இலக்கைப் பார்த்துத் திருப்பி, இன்ஜினை முடுக்கினால் நேராக அங்கே போய்ச் சேரலாம் என்று காட்டுகிறார்களே, அந்தப் பிழை.

2013-ல் வந்த 'கிராவிட்டி'யையே எடுத்துக்கொள்வோம். ஏழு ஆஸ்கர் வாங்கிய படம். எடையின்மையை அந்த அளவுக்கு உடம்பில் உணரவைத்த படம் அதற்கு முன் இல்லை என்றே சொல்வேன். ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கப் போன இடத்தில் விண்ஓடம் சிதைந்துபோக, மிஞ்சிய இருவரும் முதுகில் மாட்டிய உந்துபையின் உதவியோடு சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போகிறார்கள். நிலையம் எதிரே தெரிகிறது, அதை நோக்கிப் பறக்கிறார்கள். மொத்தக் கதையும் இந்த ஒரு பயணத்தின் மேல்தான் நிற்கிறது.

கணக்கைப் பார்ப்போம். ஹப்பிள் அப்போது சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது, நிலையம் சுமார் 420 கிலோமீட்டரில். இந்த உயர வித்தியாசத்தைச் சரிசெய்ய நொடிக்கு 70 மீட்டர் சொச்சம் வேகமாற்றம் வேண்டும். இதைத்தான் இந்தத் துறையில் டெல்டா-வி என்பார்கள். விண்வெளியில் எந்தப் பயணத்துக்கும் பணம் அதுதான். 1984-ல் நாசா உண்மையிலேயே பயன்படுத்திய எம்எம்யூ என்ற உந்துபையில் இருந்த நைட்ரஜன் மொத்தமும் தீர்ந்தாலும் கிடைக்கக்கூடியது நொடிக்கு 24 மீட்டர் அளவுதான். விண்வெளி வீரர் புரூஸ் மெக்கேண்ட்லெஸ் அதை மாட்டிக்கொண்டு கயிறு இல்லாமல் மிதக்கும் அந்தப் புகழ்பெற்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர் விண்ஓடத்தைவிட்டு விலகிப் போனது 100 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம். ஆக, உயரத்துக்கே காசு பத்தவில்லை.

உண்மையான தடை உயரத்தில் இல்லை, சாய்வில் இருக்கிறது. ஹப்பிளின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 28.5 பாகை சாய்ந்தது. நிலையத்தின் பாதை 51.6 பாகை. இடையில் 23 பாகை. நொடிக்கு 7.6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பொருளின் திசையை 23 பாகை திருப்ப வேண்டுமென்றால் நொடிக்கு 3 கிலோமீட்டர் டெல்டா-வி வேண்டும். உந்துபை தருவதைப் போல 125 மடங்கு. அதுவும் இரண்டு பாதைகளும் நிலநடுக்கோட்டை ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளும் நல்ல நாளாக அமைந்தால் மட்டும். பூமியின் இடுப்பு சற்றே பருத்திருப்பதால் இரண்டு பாதைகளின் தளங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்கின்றன. மற்ற நாட்களில் செலவு இன்னும் கூடும்.

விண்ஓடத்தின் பெரிய இன்ஜின்களாலும் முடியாது. பாதை மாற்றத்துக்கென்று அதில் இருந்த எரிபொருள் மொத்தமும் சேர்ந்து நொடிக்கு 300 மீட்டர் அளவுதான் தரும். வழக்கமான விண்கல எரிபொருளைக் கொண்டு நொடிக்கு 3 கிலோமீட்டர் வாங்க வேண்டுமானால், கிளம்பும்போது கலத்தின் மொத்த எடையில் 63 சதவீதம் எரிபொருளாகவே இருக்க வேண்டும். 1903-லேயே ரஷ்ய விஞ்ஞானி சியோல்கோவ்ஸ்கி எழுதிவைத்த சமன்பாடு இது.

திசை திருப்புவது எவ்வளவு பெரிய செலவு என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் பிஎஸ்எல்வி நேர் தெற்கே போக முடியாது, வழியில் இலங்கை இருக்கிறது. தென்கிழக்கே கிளம்பி, கடலுக்கு மேல் போனபிறகு வளைந்து தெற்கே திரும்ப வேண்டும். அந்த வளைவுக்கு எரியும் எரிபொருள், ஏற்றிச் செல்லும் செயற்கைக்கோளின் எடையிலிருந்து கழிகிறது. சிறிய ராக்கெட்டுக்கு இந்த நஷ்டம் கட்டுப்படியாகாது. குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம் கட்டுவதற்கு முக்கியக் காரணமே இதுதான். அங்கிருந்து தெற்கே வெறும் கடல்.

சரி, சாய்வும் உயரமும் ஒன்றாகவே இருக்கட்டும். நிலையம் உங்களுக்கு நேர் முன்னால், அதே பாதையில், 1 கிலோமீட்டரில் இருக்கிறது. அதை நோக்கி நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் தள்ளிக்கொள்கிறீர்கள். என்ன ஆகும்? முதல் சில நிமிடங்கள் நெருங்குவது போலவே இருக்கும். பத்தரை நிமிடத்தில் 420 மீட்டர் முன்னேறியிருப்பீர்கள். ஆனால் கூடவே 440 மீட்டர் மேலேயும் ஏறியிருப்பீர்கள். அங்கேதான் திருப்பம். மேலே போகப் போகப் பாதை நீளம், வேகம் குறைவு. நெருங்கிய நிலையம் விலக ஆரம்பிக்கும். 19-வது நிமிடத்தில் கிளம்பிய இடத்தைத் தாண்டிப் பின்னால் போயிருப்பீர்கள். 92 நிமிடத்தில் ஒரு சுற்று முடியும்போது இடைவெளி 1 கிலோமீட்டரிலிருந்து 17 கிலோமீட்டருக்கு மேல் ஆகியிருக்கும். விரட்டிப் பிடிக்கப் போட்ட வேகமே உங்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

இது தாளில் மட்டும் நடக்கும் கணக்கல்ல. 1965 ஜூனில் நாசாவின் ஜெமினி 4 கலத்தை ஓட்டிய ஜிம் மெக்டிவிட், தன்னை ஏற்றிவந்த டைட்டன் ராக்கெட்டின் காலியான இரண்டாம் கட்டத்தை நெருங்க முயன்றார். தேர்ந்த போர்விமானி. விமானத்தில் செய்வது போலவே மூக்கை அதன் பக்கம் திருப்பி உந்தினார். அது விலகிப் போய்க்கொண்டே இருந்தது. மறுபடி உந்தினார், இன்னும் விலகியது. உந்து எரிபொருளில் கிட்டத்தட்ட பாதி தீர்ந்ததும் முயற்சியைக் கைவிட்டார்கள். கலம் சரியாகத்தான் இருந்தது, விமானியிடமும் திறமைக் குறைவில்லை. பாதையின் இயல்பு அப்படி.

முன்னால் இருப்பதைப் பிடிக்க வேண்டுமென்றால் பின்னோக்கி உந்தி, வேகத்தைக் குறைத்து, கீழே இறங்க வேண்டும். கீழ்ப்பாதையில் வேகம் அதிகம், சுற்றும் சிறியது. 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 10 கிலோமீட்டர் இறங்கினால் ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 94 கிலோமீட்டர் முன்னேறலாம். இறங்க நொடிக்கு 6 மீட்டருக்குள், மறுபடி ஏற அதே அளவு. அவ்வளவுதான் செலவு. ஆனால் எப்போது இறங்குவது, எத்தனை சுற்று காத்திருப்பது, எந்த நொடியில் ஏறுவது என்பதில்தான் உயிர் இருக்கிறது. 1965 டிசம்பரில் ஜெமினி 6ஏ இப்படித்தான் ஜெமினி 7-ஐப் போய்ச் சேர்ந்தது.

விண்வெளியில் இரண்டு கலங்களை இணைத்துப் பார்த்த இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் சோதனையை நினைத்துப் பாருங்கள். 2024 டிசம்பர் 30-ல் ஏவிய, தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு சிறு கலங்கள். 5 கிலோமீட்டர், 1.5 கிலோமீட்டர், 500 மீட்டர், 225, 15, கடைசியாக 3 மீட்டர் என்று நின்று நின்று நெருங்கும் திட்டம். 225 மீட்டருக்குக் கொண்டுவரும்போது எதிர்பார்த்ததைவிட விலகல் அதிகமானதால் இணைப்பைத் தள்ளிவைத்தார்கள். அந்த நேரம் கலங்கள் தரைநிலையங்களின் பார்வையில்கூட இல்லை. பிறகு விலகலைக் கட்டுப்படுத்தி, 3 மீட்டர் வரை கொண்டுவந்து ஒத்திகை பார்த்து, ஜனவரி 16-ல்தான் இணைத்தார்கள். நொடிக்கு 1 சென்டிமீட்டர் அளவு வேகத்தில் தொடவைக்கும் வேலை. கட்டுப்பாட்டு அறையில் அந்த இரண்டு வாரங்களில் இருந்த பதற்றத்தைவிட எந்த வெடிவிபத்துக் காட்சி பெரிது?

'கிராவிட்டி'யில் கயிற்றுக் காட்சியும் எனக்கு உறுத்தல்தான். நாயகியின் கால் நிலையத்தின் கயிறுகளில் சிக்கி இருவரும் நின்றுவிடுகிறார்கள். நின்றபிறகு நாயகனை இழுக்க அங்கே எந்த விசையும் இல்லை. கயிற்றை லேசாகச் சுண்டினால் போதும், அவர் மிதந்து வந்து சேர்ந்துவிடுவார். படத்தில் வருவது போல அவர் கயிற்றைக் கழற்றிவிட்டு உயிரை விட வேண்டிய தேவையே இல்லை. தீயணைப்பானைப் பிடித்துக்கொண்டு பறப்பதில் ஒரு நியாயம் உண்டு: 3 கிலோ வாயு நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வெளியேறினால், உடையோடு 200 கிலோ உள்ள ஆளுக்கு நொடிக்கு 6 மீட்டர் கிடைக்கும். ஆனால் பீச்சும் கோடு உடம்பின் நிறைமையத்தின் வழியாகப் போக வேண்டும். நெஞ்சுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தால், போகிற வேகத்தைவிடக் கரணம் போடுவதே அதிகமாக இருக்கும்.

'இண்டர்ஸ்டெல்லார்' பற்றிக் கேட்பீர்கள். கருந்துளை அழகு, இயற்பியலாளர் கிப் தார்னின் சமன்பாடுகளைக் கொண்டு வரைந்தது. அதன் அருகில் இருக்கும் கிரகத்தில் கழியும் ஒரு மணி நேரம் பூமியில் ஏழு ஆண்டாவதும் இயற்பியலுக்குள் வரும். ஆனால் அந்தக் கிரகத்துக்கு இறங்கி ஏற நொடிக்கு லட்சம் கிலோமீட்டர் அளவில் வேகமாற்றம் வேண்டும். இன்றைய ரசாயன இன்ஜினில் அதைச் செய்ய, பிரபஞ்சத்தில் இருக்கும் பொருள் மொத்தத்தையும் எரிபொருளாக்கினாலும் போதாது. பூமியிலிருந்து கிளம்ப மட்டும் அதே படத்தில் பல கட்ட ராக்கெட் தேவைப்படுகிறது!

'த மார்ஷியன்' இந்த விஷயத்தில் நேர்மையான படம். செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்டவரை மீட்க, தாய்க்கலம் பூமியில் நிற்காமல், சுற்றி வளைந்து, உணவை மட்டும் வாங்கிக்கொண்டு செவ்வாய்க்குத் திரும்புகிறது. நிற்பதும் மறுபடி கிளம்புவதும்தான் பெரிய செலவு என்பதைக் கதையின் முடிச்சாகவே வைத்தார்கள். பார்வையாளருக்குப் புரியாது என்று யாரும் பயப்படவில்லை, புரியவும் செய்தது.

2003 பிப்ரவரியில் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு கொலம்பியா விண்ஓடம் சிதைந்தபோது, நிலையத்துக்குப் போய்த் தப்பித்திருக்கலாமே என்று பலரும் கேட்டார்கள். கொலம்பியாவின் பாதைச் சாய்வு 39 பாகை. நிலையம் வேறு தளத்தில். போயிருக்கவே முடியாது. அதனால்தான் 2009 மே மாதம் அட்லாண்டிஸ் விண்ஓடம் கடைசி முறையாக ஹப்பிளைப் பழுதுபார்க்கக் கிளம்பியபோது, பக்கத்து ஏவுதளத்தில் எண்டெவர் என்ற இன்னொரு விண்ஓடம் நிமிர்ந்து நின்றது. அட்லாண்டிஸுக்கு ஏதாவது ஆனால், நான்கு பேரோடு எண்டெவர் மேலே வந்து, தன் இயந்திரக் கையால் அதைப் பற்றிக்கொள்ளும். மூன்று விண்நடைகளில், ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு ஏழு பேரையும் மாற்றுவதாகத் திட்டம். அட்லாண்டிஸ் பத்திரமாகத் திரும்பியதால் எண்டெவருக்கு அந்த வேலை வரவில்லை. கையில் கதையோடு இருக்கும் இயக்குநர் யாராவது இதைப் படித்தால், அந்த மீட்புப் பயணத்தைப் படமாக எடுங்கள்.