பத்து நிமிஷ பனிஷர்: அடி விழற வரைக்கும் அபாரம்

'டர்ட்டி லாண்ட்ரி' பாத்துட்டேன். அக்கா பையன் "மாமா பத்தே நிமிஷம்தான், பாருங்க"ன்னு லிங்க் போட்டு ரொம்ப நாளா உசுர வாங்கிட்டு இருந்தான். 2012ல வந்தது, மார்வெல் கம்பெனி எடுத்தது கிடையாது, 2004ல வந்த பெரிய பனிஷர் படத்துல ஹீரோவா நடிச்ச தாமஸ் ஜேன் அந்தப் பாத்திரத்து மேல இருக்கற ஆசையில மறுபடி நடிச்ச குறும்படம். டைரக்‌ஷன் ஃபில் ஜோனூ. யூடியூப்ல சும்மாவே கிடக்கு. முழுக்கதையும் சொல்லித்தான் பேசப்போறேன், பாக்காதவங்க பாத்துட்டு வந்துடுங்க.

எல்லாரும் இதுல வர்ற அடிதடியத்தான் கொண்டாடுறாங்க, எனக்கு என்னவோ அடி ஆரம்பிக்கற வரைக்கும்தான் படம் அபாரம், அதுக்கப்புறம் நைசா நழுவிட்டாங்கன்னு தோணுது.

பனிஷர் யாருன்னு தெரியாதவங்களுக்கு: 1974ல ஸ்பைடர்மேன் காமிக்ஸ் 129வது இதழ்ல ஸ்பைடர்மேன கொல்ல வர்றவனா அறிமுகமானவன், பேரு ஃப்ராங்க் கேஸில். பழைய ராணுவக்காரன், பொண்டாட்டி புள்ளைங்கள ரவுடிக் கும்பல் சுட்டுக் கொன்னுடுச்சு, அன்னிலேர்ந்து கோர்ட்டாவது கேஸாவதுன்னு இவனே தீர்ப்பு எழுதுறான். பறக்கறது, சொவத்துல ஏறறது எதுவும் கிடையாது, துப்பாக்கியும் வீம்பும்தான்.

இந்தப் படத்துல அவன் ஒரு பழைய வேன்ல தூங்கி எழுந்து அழுக்குத் துணிய மூட்டை கட்டிக்கிட்டு துவைக்கப் போறான், அவ்ளோதான் கதை. தெருவுல ஒரு கும்பல் ஒரு பொண்ண போட்டு அடிச்சு நாசம் பண்ணுது, ஒரு சின்னப் பையன மிரட்டுது. இவன் பாக்கறான். பாத்துட்டு மிஷின்ல துணிய போடறான். அப்புறம் அந்த அலறலுக்கு நடுவுலயே எதிர்க் கடைக்கு நடந்து போய் யூஹூன்னு ஒரு சாக்லேட் பாட்டில் கேக்கறான், நம்ம ஊர்ல வெயில்ல நடந்து வந்து பன்னீர் சோடா கேக்கற மாதிரி. அந்த நடை இருக்கே, அதுதான் படமே! தலைய கூட திருப்பல, ஆனா தாடை இறுகிப் போய் கெடக்கு, ஒவ்வொரு அலறலுக்கும் இவன் எப்ப திரும்புவான் எப்ப திரும்புவான்னு நம்மள பதற விடறாங்க, கூடவே நாமளும் இப்படி எத்தன தடவ பஸ் ஸ்டாண்டுல கண்ண திருப்பிக்கிட்டு நடந்திருக்கோம்னும் உறுத்துது.

கடைக்காரர் ரான் பெர்ல்மேன், வீல்சேர்ல உக்காந்திருக்கார். போருக்குப் போய் முழுசா திரும்பி வந்தவர், இதே தெருவுல ஒரு தடவ தட்டிக் கேக்கப் போய் இப்படி ஆயிட்டார்னு சாவகாசமா சொல்றார். பொண்டாட்டி புள்ளைங்க ஃப்ளாஷ்பேக் ஒரு ஃப்ரேம் கூட கிடையாது, நெட்ஃபிளிக்ஸ்ல 26 எபிசோட் ஓட்டியும் தீராத அந்த சோகத்த இங்க இந்த மூஞ்சியும் இன்னொருத்தர் காலும் சொல்லிடுது. இவன் யாருங்கறதையே கடைசி வரைக்கும் சொல்ல மாட்டாங்க. நம்ம அந்நியன் (2005) மூணு மணி நேரம், கருட புராணம், கும்பிபாகம், கிருமிபோஜனம்னு லிஸ்ட் போட்டு வகுப்பெடுத்து, கடைசியில அது நோய்னு சொல்லி ஆள வெளிய விட்டுச்சு. (திருவையாறு ஆராதனைய காட்டுனதுக்காக எங்க பக்கம் அந்தப் படத்துக்கு எல்லாம் மன்னிப்பு உண்டு, அது வேற.)

சரி, அப்புறம் கேஸில் ஒரு விஸ்கி பாட்டில் வாங்கறான். அதையே ஆயுதமா வெச்சு கும்பல் மொத்தத்தையும் எலும்பு எலும்பா பிரிக்கிறான். அத்தன மண்டைய பாத்த பாட்டில் அவ்ளோ நேரம் உடையாம இருக்கறதெல்லாம் போகட்டும். அதுவரைக்கும் கண்ண மூடுன ஆளா காட்டுன கேமரா, இப்ப சப்புக்கொட்டிக்கிட்டு கிட்ட போய் பாக்குது, அதுதான் பிடிக்கல. அந்தப் பொண்ணுக்கு அலற்றத தவிர படத்துல வேலையே இல்ல, பேரு கூட நமக்கு மனசுல நிக்கல. கடைசியில ரவுடித் தலைவன் மேல விஸ்கிய ஊத்திட்டு லைட்டர அந்தப் பொண்ணுகிட்ட விட்டுட்டு இவன் போயிடறான், அவ கொளுத்துறா. தியேட்டரா இருந்தா விசில் பறக்கும். ஆனா யோசிங்க, மறுநாள் போலீஸ் வந்தா யார தூக்கும்? அந்தக் கும்பல்ல மிச்சம் இருக்கறவன் யார் வீட்டுக்குப் போவான்? வீல்சேர்ல இருக்கறவர் எங்க ஓடுவார்? இவன் பாட்டுக்கு வேன எடுத்துட்டுப் போயிடுவான். பத்து நிமிஷத்துல முடியறதால இந்தக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லாம தப்பிச்சாங்க, படத்தோட பலமும் அந்த நீளம்தான், திருட்டுத்தனமும் அதுதான்.

தீயப் பாத்தா எனக்கு இன்னொண்ணும் சேந்து வருது. எங்க மண்ணுல, 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில, கூலி கூடுதலா கேட்ட குத்தத்துக்கு 44 பேர குடிசைக்குள்ள வெச்சு எரிச்சாங்க, பெரும்பாலும் பொம்பளைங்களும் குழந்தைங்களும். 1973ல ஹைகோர்ட் மிராசுதார்கள விடுதலை பண்ணுச்சு. 1980ல அந்த வழக்குல முதல் குற்றவாளின்னு சேத்திருந்த மிராசுதார வெட்டிக் கொன்னாங்க. சட்டம் கைவிட்டா என்ன ஆகும்னு இங்க யாருக்கும் ஹாலிவுட் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்ல, அந்தக் கோவத்த நான் தப்புன்னும் சொல்ல மாட்டேன். ஆனா இங்க தீ வெச்சவன்னா அது மிராசுதாரோட ஆளுங்க. அதனால லைட்டர் கை மாறுறப்ப என்னால கைதட்ட முடியல, அவ்ளோதான்.

நடுவுல கேஸில் கடைக்காரர்கிட்ட நீதிக்கும் தண்டனைக்கும் வித்தியாசம் தெரியுமான்னு கேப்பான். ட்ரெய்லருக்கு எழுதுன வசனம் மாதிரி இருக்கு, அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு இருந்ததே கெத்தா இருந்துச்சு. திருவாரூர்க்காரன்கிட்ட இதக் கேட்டா கோயிலுக்கு வெளிய இருக்கற கல்தேர காட்டுவான். மாடு மணி அடிச்சுச்சு, ராஜா இறங்கி வந்தான், கன்னுக்குட்டிக்கு பதிலா சொந்தப் புள்ளைய தேர்க்கால்ல வெச்சான். கதை நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம், ஆனா அதுல தண்டிக்கறவனுக்குத்தான் பெரிய நஷ்டம். இங்க கேஸிலுக்கு என்ன நஷ்டம்? ஒரு டிஷர்ட். "சார் சட்டைய விட்டுட்டீங்க"ன்னு அந்தப் பையன் ஓடி வர்றான், நீயே வெச்சுக்கோன்னுட்டுப் போறான், பிரிச்சுப் பாத்தா மண்டையோடு, பனிஷரோட சின்னம். எல்லாருக்கும் புல்லரிச்ச எடம், எனக்கு வயித்த கலக்குச்சு. அந்தப் பையன் அத போட்டுக்கிட்டு நாளைக்கு என்ன ஆவான்?

ஏன்னா அந்த மண்டையோடு எங்க போச்சுன்னு பாத்துட்டோம். அமெரிக்காவுல போலீஸ்காரங்களே அத வண்டியில ஒட்டிக்கிட்டாங்க, பனிஷர உருவாக்குன ஜெர்ரி கான்வேயே அத கண்டிச்சுப் பேசினார். 2019ல வந்த ஒரு பனிஷர் காமிக்ஸ்ல ரெண்டு போலீஸ்காரங்க ரசிகர்களா வந்து வண்டியில ஒட்டுன ஸ்டிக்கர பெருமையா காட்டுவாங்க, கேஸில் அத கிழிச்செறிஞ்சுட்டு, உங்களுக்கு முன்மாதிரி வேணும்னா கேப்டன் அமெரிக்காவ பாருங்கன்னு விரட்டுவான். அந்த சில பக்கத்துல இருக்கற துணிச்சல் இந்த பாட்டில் சண்டையில இல்ல. அத யாராவது பத்து நிமிஷப் படமா எடுங்கப்பா, அக்கா பையனுக்கு முன்னாடி நான் லிங்க் அனுப்பறேன்.